கடை வாடகைப் பத்திரமும் வழக்கறிஞரும்

வீட்டை வாடகைக்கு எடுப்பவர் அங்கே உண்டு உறங்குகிறார். கடையை வாடகைக்கு எடுப்பவரோ அங்கே தம் முதலையே கொண்டு வைக்கிறார். இவ்விரண்டுக்கும் எழுதப்படும் பத்திரங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதே முத்திரைத்தாள், அதே 'இவரை முதல் தரப்பினர் என்றும்' என்னும் தொடக்கம், அதே இரு சாட்சிகள். ஆயினும் அவற்றால் விளையும் பயன் வேறு. குடியிருக்கும் வீடு பிடிக்கவில்லையெனில் சாமான்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். கடையை அவ்வாறு ஏற்றிச் செல்லுதல் இயலாது. அலமாரியை எடுத்துச் செல்லலாம், பெயர்ப்பலகையைக் கழற்றலாம். 'தேரடி மூலையில் இருக்கும் கடை' என்று ஊரார் மனத்திற் பதிந்துவிட்ட அடையாளத்தை எந்த வண்டியில் ஏற்றுவது? ஆதலின், கடைக்கு எழுதும் பத்திரத்தைக் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படிக்கச் செய்தல் வேண்டும் என்பதையும், அவர் அதில் எவற்றைத் தேடுகிறார் என்பதையும் இன்று விளக்க முற்படுகிறேன்.

மாணவர்களுக்கு இது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பள்ளியிலும் கல்லூரியிலும் கணக்குப் பதிவியல் கற்பிக்கிறோம். இருப்புநிலைக் குறிப்பு எழுதப் பயிற்றுகிறோம். அவ்விருப்புநிலைக் குறிப்பில் வரும் கடை எந்த உரிமையில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை. இன்று வகுப்பில் இருப்போருள் பலர் ஒரு நாள் மருந்துக்கடையோ, தையற்கடையோ, கணினிப் பயிற்சி நிலையமோ தொடங்கத்தான் போகிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கையெழுத்திடும் பெரிய தாள் பெரும்பாலும் இந்த வாடகைப் பத்திரமாகவே இருக்கும்.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். 35 ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்தவன். எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தால் அதைத் தலைமையாசிரியரிடம் கொண்டு வருவது பழைய வழக்கம். அவ்வகையில் எத்தனையோ பத்திரங்களைப் படித்துப் பொருள் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் ஒன்றை மறவாமற் கூறுவேன். ஆங்கிலம் தெரிந்தவர் வேறு. பத்திரம் தெரிந்தவர் வேறு. தாளில் இருப்பதை நான் சொல்லுவேன். தாளில் இல்லாததனால் வரும் விளைவைச் சொல்லுபவர் வழக்கறிஞரே.

இல்லாததனால் விளைவு எப்படி வரும்? அதை அறியச் சட்டத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டில் நிலம், கட்டடம் ஆகியவற்றின் குத்தகைக்கு அடிப்படையாக விளங்குவது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆம் பிரிவு கட்டடச் சொந்தக்காரருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள உரிமைகளையும் கடமைகளையும் வரிசையாகக் கூறுகிறது. வாடகைதாரருக்கு அது வழங்கும் உரிமைகள் அற்பமானவை அல்ல. சொந்தக்காரர் தாம் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்த பின்னும் தக்க காலத்திற்குள் செய்யாவிடின், வாடகைதாரரே செய்து அச்செலவை வாடகையிற் கழித்துக்கொள்ளலாம். தாம் நிலத்தோடு பொருத்திய பொருள்களைக் கட்டடம் தம் கைவசம் இருக்கும்வரை பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம்; இடத்தை மட்டும் பெற்றுக்கொண்ட நிலையில் விட்டுச் செல்லவேண்டும். தம் உரிமையைப் பிறருக்கு உள்வாடகைக்கும் விடலாம். நெருப்பாலோ புயலாலோ வெள்ளத்தாலோ, படையினர் அல்லது கும்பலின் வன்செயலாலோ கட்டடத்தின் முக்கியமான பகுதி அழிந்து போயினும், எடுத்த நோக்கத்திற்கு நிலையாகப் பயன்படாமற் போயினும், குத்தகையை முடித்துக்கொள்ளும் விருப்பம் வாடகைதாரருடையது.

இவ்வளவையும் கேட்டவுடன், 'சட்டமே காவல் நிற்கிறது; வழக்கறிஞர் எதற்கு?' என்று தோன்றும். அப்பிரிவின் தொடக்கத்தைப் பாருங்கள். 'இதற்கு மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதவிடத்து' என்னும் கருத்தில் அது தொடங்குகிறது. தமிழிலக்கணம் பயின்றவர்கள் புறனடை என்பதை அறிவார்கள். இலக்கண நூல்களில் அது பெரும்பாலும் விதிகளின் இறுதியில் வந்து நிற்கும். இச்சட்டத்திலோ அது வாயிலிலேயே நிற்கிறது. சட்டம் ஒரு கையால் தரும் உரிமை ஒவ்வொன்றையும் வாடகைதாரர் தம் கையெழுத்தாலேயே திருப்பிக் கொடுத்துவிட முடியும். பத்திரம் பேசாத இடங்களில் சட்டம் பேசும். பத்திரம் பேசிய இடத்தில் சட்டம் பெரும்பாலும் வாய் மூடிக்கொள்ளும். இவ்விரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பதே வழக்கறிஞரின் வேலை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குகிறேன். என் பழைய மாணவர் ஒருவர் கோயம்புத்தூரில் பேக்கரி ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் தொழிலை நன்கு கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். தாயாரின் நகைகளை அடகு வைத்துப் பெற்ற தொகையும் தம் சேமிப்புமே முதல். பேருந்து நிலையத்தின் அருகில் ஒரு கடையைப் பார்த்தார். சொந்தக்காரர் ஒன்பது பக்க ஆங்கிலப் பத்திரம் ஒன்றைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திடச் சொன்னார். அதை என்னிடம் கொண்டு வந்து, "ஐயா, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள், எல்லாம் வழக்கமான பத்திரந்தான் என்கிறார்" என்றார். நான் படித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, மறுநாட் காலையில் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் அம்மையார் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன்.

அவ்வம்மையார் முதலிற் பத்திரத்தைத் தொடவே இல்லை. "தம்பி, அடுப்பு எங்கே வரும்? எடுத்துப் போகிற அடுப்பா, கட்டுகிற அடுப்பா?" என்று கேட்டார். ரொட்டி சுடச் செங்கல்லால் கட்டும் அடுப்பு என்று அவர் விடை கூறினார். புகைபோக்கியோடு அதற்கு மட்டும் 4 லட்சம் ரூபாய் ஆகும். மும்முனை மின் இணைப்பு உண்டா, புகைபோக்கி எந்தச் சுவரின் வழியே செல்லும், தொழிலில் வேறு எவரேனும் பின்னாற் கூட்டுச் சேருவரா என்றெல்லாம் கேட்டு ஒரு தாளிற் குறித்துக்கொண்ட பின்னரே பத்திரத்தைப் பிரித்தார். நல்ல மருத்துவர் நோயாளியின் கையை உடனே பிடிப்பதில்லை. எங்கே வலிக்கிறது என்று முதலிற் கேட்கிறார் அல்லவா? தொழில் இன்னதென்று அறியாமற் பத்திரத்தைப் படித்தால் அதிலுள்ள தொடர்களெல்லாம் ஒரே எடையுடையனவாகவே தோன்றும்.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'கட்டடத்தோடு நிலையாகப் பொருத்தப்படும் யாவும் சொந்தக்காரருக்கே உரியவை' என்பது அதன் பொருள். துணிக்கடைக்காரருக்கு இவ்வரி ஒன்றும் செய்யாது. அவருடைய அலமாரிகள் நிலத்தோடு ஒட்டியவை அல்ல. பேக்கரிக்காரருக்கோ இவ்வொரு வரி 4 லட்சம் ரூபாய். சட்டம் தந்த உரிமையை மாற்றுவதற்கு இதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை. இரண்டாம் பக்கத்தில், கட்டடத்தைச் 'சில்லறை விற்பனைக்கு மட்டும்' பயன்படுத்த வேண்டும் என்று கண்டிருந்தது. பேக்கரியில் விற்பனையும் உண்டு, உற்பத்தியும் உண்டு. பின்புறத்தில் மாவு பிசைந்த முதல் நாளிலேயே பத்திரத்தை மீறியவராகி விடுவார். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கும் உள்ளாட்சியின் தொழில் உரிமத்துக்கும் இப்பத்திரத்தையே காட்டவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வாடகை உயர்வைப் பற்றிய வரியிலோ எனக்குப் பழைய கணக்கு வகுப்பு நினைவுக்கு வந்தது. மாத வாடகை 20,000 ரூபாய்; ஆண்டுதோறும் 10 விழுக்காடு உயரும். எதன்மீது 10 விழுக்காடு? தொடக்க வாடகையின் மீது எனில், ஐந்து ஆண்டுகளிலும் முறையே 20,000, 22,000, 24,000, 26,000, 28,000 ரூபாய். அவ்வப்போது நடப்பிலுள்ள வாடகையின் மீது எனில், 20,000, 22,000, 24,200, 26,620, 29,282 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை 25,224 ரூபாய் ஆகிறது. தனிவட்டியும் கூட்டுவட்டியும் தேர்வுக்காக மட்டும் கற்பவை என்று எண்ணும் மாணவர் இதைக் குறித்துக்கொள்க. அவ்வம்மையார் பெற்ற கட்டணம் இத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வணிகக் கட்டட வாடகைக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் உண்டு. சொல்லப்பட்ட வாடகை அவ்வரியை உள்ளடக்கியதா, அதற்குப் புறம்பானதா என்பதைப் பத்திரம் கூறவேண்டும். வரிப்பதிவு இல்லாத சொந்தக்காரரிடம் வரிப்பதிவு உள்ள வணிகர் இடம் எடுத்தால், பொதுவாக அவ்வரியை வணிகரே நேரே அரசுக்குச் செலுத்தவேண்டும் என்னும் முறை 2024 அக்டோபர் 10 முதல் வந்திருக்கிறது.

'லாக்-இன்' என்று வணிகர்கள் வழங்கும் பிணைப்புக் காலத்தைப் பற்றியும் அப்பத்திரம் பேசிற்று. மூன்றாண்டுக்குள் வாடகைதாரர் காலி செய்தால் எஞ்சிய மாதங்களின் வாடகை முழுவதையும் கட்டவேண்டும். சொந்தக்காரரோ இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்து எப்போது வேண்டுமாயினும் முடித்துக்கொள்ளலாம். ஒரு காலுக்கு மட்டும் விலங்கு! இவ்வாறு எழுதப்படும் தொகை முழுவதையும் நீதிமன்றம் அப்படியே வழங்கிவிடும் என்பதும் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், குறித்த தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈட்டையே தரச் சொல்கிறது. ஆனால் அந்நியாயத்தைப் பெறுவதற்கு எத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறுவது? கட்டு இருவருக்கும் ஒத்திருக்க வேண்டும் என்று அவர் ஓரத்தில் எழுதினார். மைத்துனரைப் பிற்காலத்திற் கூட்டாளியாகச் சேர்க்கும் எண்ணம் இருந்தமையால், 'வணிக அமைப்பில் எவ்வித மாற்றமும் உள்வாடகையாகக் கருதப்படும்' என்ற வரியையும் சிவப்பு மையாற் கோடிட்டார்.

முன்பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகக் கூறவேண்டும். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. அதனை நீக்கி, நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. மாத வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்று அச்சட்டம் கூறுவதாகப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அஃது உண்மையே, ஆனால் அங்கும் அதே புறனடை நிற்கிறது. மாறான உடன்பாடு இருந்தால் அன்றி என்னும் கருத்துடைய சொற்கள் அவ்விதியின் தலையிலேயே உள்ளன. பத்து மாத வாடகையை முன்பணமாகத் தர இசைந்து கையெழுத்திட்டவர், 'மூன்று மாதந்தானே சட்டம்' என்று பின்னால் வாதிட எழுந்தால், அவருடைய கையெழுத்தே அவருக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும்.

பதினொரு மாதப் பத்திரம் என்னும் வழக்கத்தையும் இவ்விடத்தே சொல்லிவிடுகிறேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே ஏற்படுத்த முடியும் என்பது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் இதனையே வற்புறுத்துகிறது. பதிவுச் செலவைத் தவிர்க்க எண்ணிய மக்கள் பதினொரு மாதம் என்று எழுதிப் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். வீட்டுக்கு அது ஒருவாறு பொருந்தும். 4 லட்சம் ரூபாய்க்கு அடுப்புக் கட்டுபவர் பதினொரு மாத உரிமையில் எப்படித் துணிந்து கட்டுவது? சிலர், ஐந்தாண்டு என்று எழுதியும் பதிவு செய்யாமல் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். அத்தாள் ஐந்தாண்டு உரிமைக்குச் சான்றாக நீதிமன்றத்தில் ஏற்கப்படுவதில்லை. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கடைக் குத்தகை மாதாமாதம் நடப்பதாகவே கருதப்படும். அதை முடிக்க 15 நாள் அறிவிப்பே போதும் என்பது பழைய சட்டத்தின் 106ஆம் பிரிவு. 2017ஆம் ஆண்டுச் சட்டமோ வாடகை ஒப்பந்தங்களை எழுத்தில் வைத்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் கட்டளையிடுகிறது. ஆகவே பதினொரு மாதச் சூழ்ச்சிக்குப் பழைய பயனும் இப்போது இல்லை.

இதுவரை கூறியவை தாளில் இருந்தவை. தாளுக்கு வெளியே வழக்கறிஞர் பார்ப்பவையும் உண்டு. கடையை வாடகைக்கு விடுபவர் உண்மையில் விடத்தக்கவர்தாமா? பதிவுத்துறையில் வில்லங்கச் சான்றிதழ் பெற்றால், கட்டடம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா, பாகப்பிரிவினை நடந்திருக்கிறதா என்பன ஓரளவு தெரியும். அடமானம் வைத்தவர், அடமானப் பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிடின், கட்டடத்தை மூன்றாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகைக்கு விட இயலாது. நம் ஊர்களில் தேரோடும் வீதிகளிலுள்ள கடைகள் பல கோயிலுக்கு உரியவை. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். இல்லையேல் அது செல்லாது. கோயில் இடத்தில் அனுபோகம் உடையவர் ஒருவர் 'என் இடம்' என்று சொல்லி ஒன்பது ஆண்டுக்கு எழுதிக் கொடுத்தால், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தும் என்ன பயன்?

பத்திரத்தின் பெயரும் சில வேளை ஏமாற்றும். 'இது குத்தகை அன்று. வெறும் உரிமம்' என்று தலைப்பிட்டு எழுதுவோர் உளர். குத்தகையில் இடத்தின் மீதே உரிமை பிறக்கும். உரிமத்தில் அங்கே இருக்க அனுமதி மட்டுமே. டில்லியில் இம்பீரியல் ஹோட்டலின் அறைகளில் முடிதிருத்தும் தொழில் நடத்தி வந்த ஒருவரின் வழக்கு 1959இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அவருடைய 1949ஆம் ஆண்டு ஒப்பந்தம் உரிமம் என்றே எழுதப்பட்டிருந்தது. பெயரைப் பாராமல் உள்ளடக்கத்தைப் பார்த்து, அது குத்தகையே என்று நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் கருதினர். ஆயினும் அவர் வெற்றி பெறவில்லை. அவ்வறைகள் ஹோட்டலின் அறைகள் ஆதலால் அன்றைய வாடகைச் சட்டத்தின் காப்பு அவற்றுக்கு இல்லை என்று வேறொரு பெரும்பான்மை முடிவு செய்தது. ஒரு வினாவில் வென்றவர் மற்றொரு வினாவில் தோற்றார். இரண்டு வினாக்களும் எழும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்ல வல்லவர் சட்டம் அறிந்தவரே அன்றோ?

பத்திரம் மௌனமாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 2020இல் கொள்ளை நோயின் காரணமாக நாடெங்கும் கடைகள் மூடப்பட்டன. டில்லி கான் மார்க்கெட்டில் மாதம் மூன்றரை லட்சம் ரூபாய் செலுத்திவந்த கடைக்காரர் ஒருவர், கடையைத் திறக்க முடியாத காலத்துக்கு அத்தொகையை நிறுத்திவைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தை அணுகினார். அவ்வாண்டு மே மாதம் அளிக்கப்பட்ட தீர்ப்பு நாம் கவனிக்கத்தக்கது. இத்தகைய இடர்க் காலத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் வாசகம் இருந்தால் அவ்வாசகமே ஆளும். இல்லாவிடில் சொத்து மாற்றுச் சட்டமே ஆளும். அச்சட்டம் கட்டடம் அழிந்தாலோ நிலையாகப் பயன்படாமற் போனாலோதான் விடுதலை தருகிறது. தற்காலிகமாகக் கடை மூடப்பட்டதை அவ்வாறு கொள்ள இயலாது. வாடகையை நிறுத்திவைக்கும் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. செலுத்தும் தவணையிற் சிறிது தளர்ச்சியே கிடைத்தது. இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

கட்டடமே அழிந்துபோன பின் வாடகை உரிமை உண்டா என்ற வினாவிலோ நீதிமன்றமே இரண்டு விதமாகக் கூறியிருக்கிறது. தீயில் அழிந்த ஒரு கடையைப் பற்றிய வழக்கில், கட்டடத்தோடு வாடகை உரிமையும் போயிற்று என்று உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டுத் தொகுப்பிற் காணும் தீர்ப்பிற் கூறியது. 2014இல் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, அது சரியன்று, நிலத்தின் மீதான உரிமை தொடரும் என்று தீர்ப்பளித்தனர். உயர்ந்த நீதிமன்றமே கருத்து மாறிய ஒரு விஷயத்தை, இரு தரப்பாரும் முன்கூட்டியே பேசி ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம். எங்கள் பேக்கரிப் பத்திரத்தில் தீயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாள்தோறும் நெருப்போடு பழகும் தொழிலுக்கு எழுதிய பத்திரம் அது!

இனி, வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் வழக்கறிஞர்கள் தம்மை விளம்பரம் செய்துகொள்வதைத் தடுக்கின்றன. ஆகவே பெரிய பலகையைப் பார்த்துப் போவதில் பொருளில்லை. அதே ஊரிற் கடை நடத்துபவர்களை விசாரித்து, உரிமையியல் வழக்குகளும் வாடகை வழக்குகளும் நடத்துபவராகப் பார்த்துச் செல்ல வேண்டும். கொலை வழக்கிற் பெயர் பெற்றவரிடம் கடைப் பத்திரத்தைக் கொண்டு போவது, கண் வலிக்கு எலும்பு வைத்தியரிடம் போவது போலாகும். பதிவு அலுவலகத்தின் அருகில் இருக்கும் பத்திர எழுத்தர் தேர்ந்த கையுடையவரே. ஆனால் சொன்னதை முறைப்படி எழுதுவது அவர் தொழில், உங்களுக்காக வாதிடுவது அன்று. சொந்தக்காரர் 'என் வக்கீலே இருவருக்கும் பார்த்துவிடுவார், செலவு மிச்சம்' என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். என்றாலும் அவர் அத்தரப்பின் வக்கீல். உங்களுக்கென்று ஒருவர் வேண்டும்.

கட்டணத்தை முதலிலேயே கேட்டுவிடுதல் நன்று; கூச்சம் வேண்டியதில்லை. பத்திரத்தைப் படித்துக் குறிப்பு எழுதித் தருவதற்கு ஒரு தொகை, சொந்தக்காரரோடு பேசித் திருத்துவதற்கு ஒரு தொகை என்று பிரித்துக் கேட்கலாம். வழக்கறிஞரிடம் தொழில் முறையிற் சொல்லும் செய்தியை அவர் உங்கள் இசைவின்றி வெளியிட இயலாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இக்காப்பு இருக்கிறது. ஆதலால் கடன் எவ்வளவு, எந்த நாளுக்குள் கடை திறக்க வேண்டும் என்பவற்றை அவரிடம் மறைக்காமற் கூறலாம். பணம் இல்லாதார்க்கும் வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர் இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள். நீதிமன்ற வளாகத்திலேயே அவ்வாணையத்தின் அலுவலகம் இருக்கும். தையற்கடை திறக்கும் பெண் ஒருவர் தம் பத்திரத்தோடு அங்கே சென்று ஆலோசனை கேட்கலாம்.

வழக்கறிஞரிடம் போய், 'இது சரியாக இருக்கிறதா?' என்று மட்டும் கேட்பவர் 'சரிதான்' என்ற விடையோடு திரும்புவார். வியாபாரம் ஓடாவிட்டால் என்ன? சொந்தக்காரர் கட்டடத்தை விற்றுவிட்டால் என்ன? கூரை ஒழுகினால் யார் செலவு? காலம் முடிந்தபின் புதுப்பிக்கும் விருப்பம் யாருடையது? முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? இவ்வாறு கேட்க வேண்டும். விடையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

வழக்கறிஞர் செய்யாதவையும் சில உண்டு. அவ்விடத்தில் வியாபாரம் ஓடுமா என்பதை அவர் அறியார். வாடகை அதிகமா என்பதைச் சந்தையே சொல்லும். கையில் பேனா இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு வரியையும் அடித்துத் திருத்தி, நல்ல கடையைக் கை நழுவச் செய்யும் வழக்கறிஞரையும் நான் பார்த்திருக்கிறேன். எவை இன்றியமையாதவை, எவை கேட்டுப் பார்க்கத்தக்கவை, எவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்று தரம் பிரித்துச் சொல்பவரே எனக்கு நல்ல வழக்கறிஞராகத் தோன்றுகிறார்.

நம் அம்மையார் அவ்வாறே பதினான்கு குறிப்புகளில் நான்கினை மட்டும் வட்டமிட்டார். அடுப்பு, பயன்படுத்தும் நோக்கம், பிணைப்புக் காலம், தீ ஆகியவை அந்நான்கு. "இந்த நான்கும் கிடைக்காவிட்டால் வேறு கடை பாருங்கள், தம்பி, மற்றவை உங்கள் சாமர்த்தியம்" என்றார். சொந்தக்காரர் முதலிற் சினந்தார். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். மாணவர், "அண்ணாச்சி, உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது; நாளைக்கு நீங்களும் நானும் இல்லாமல் நம் பிள்ளைகள் இந்தத் தாளைப் படிக்க நேர்ந்தால் என்ன செய்வது?" என்றார். அவ்விடை எவர் சொல்லிக் கொடுத்ததும் அன்று. நான்கும் ஏற்கப்பட்டன. வாடகை உயர்வு நடப்பு வாடகையின் மீதே என்பதில் மட்டும் சொந்தக்காரர் அசையவில்லை. மும்முனை இணைப்புச் செலவும் மாணவர் தலையிலேயே விழுந்தது. பத்திரம் ஐந்தாண்டுக்கு எழுதப்பட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்திற் பதிவாயிற்று. வாடகை அதிகாரியிடமும் பதிந்து எண் பெறப்பட்டது.

சாவி வாங்கும் நாளில் அம்மையார் சொன்னபடி மாணவர் சுவரின் விரிசல், தரையின் ஓட்டை, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை நிழற்படம் எடுத்துக்கொண்டார். மின்மானியின் அன்றைய எண்ணை ஒரு தாளிற் குறித்து, அதில் சொந்தக்காரரும் அவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் அடுப்புக்குச் செங்கல் வந்து இறங்கியது.